ஓடைக்கரையில் நட்ட புல்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குன்னூர். ஆறு வருடமாக மெல்பர்னில் கோபர்க் பகுதியில் இருக்கிறோம். கடந்த ஜூலையில், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைக் கொண்டாடும் நைடாக் வாரத்தை ஒட்டி, பக்கத்து மெர்ரி ஓடைக்கரையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு நானும் கணவரும் போனோம். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி இனத்தைச் சேர்ந்த மூத்த பெண்மணி ஒருவர் எல்லோரையும் வரவேற்றார். பச்சை இலைகளைப் போட்டுப் புகை எழுப்பினார்கள், அதற்குள் நடந்து போனோம். அப்புறம் செடி நடுதல். மரம் நடப்போகிறோம் என்று ஆசையாக வந்த மகன் கையில் ஒரு பிடிப் புல்லைக் கொடுத்தார்கள். அவன் முகம் வாடிவிட்டது. எனக்குக் கொடுத்தது கறுப்பு வாட்டில். அதாவது நம் ஊர்ச் சீகை! நீலகிரியில் அதைப் பிடுங்கி எறியத்தானே பாடுபடுகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்: "வருஷத்துக்கு ஒரு நாள் புகை போட்டு, செடி நட்டு, சாசேஜ் சாப்பிட்டுப் போவதால் அந்த மக்களுக்கு என்ன கிடைத்தது? நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அவர்களுக்கு ஓர் அமைப்பு வேண்டுமா என்று 2023இல் ஓட்டுக் கேட்டபோது வேண்டாம் என்றுதானே இந்த நாடு சொன்னது? நிலத்தைப் பிடுங்கியவன் வெள்ளைக்காரன். நேற்று வந்த நமக்கு இதில் என்ன வேலை?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் இங்கே தங்கியிருந்தபோது இந்த ஓடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ச., மெல்பர்ன்

*

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் மகனின் புல். அவனுக்குக் கொடுத்தது பெரும்பாலும் கங்காரு புல்லாக இருக்கும். மகள் வீட்டில் நான் தங்கியிருந்த அந்தக் குளிர்காலத்தில் நானும் அதைத்தான் நட்டேன். விரல் நீளச் சதுரக் குழாயில், காய்ந்ததோ உயிரோடிருக்கிறதோ என்று சந்தேகப்படும்படி நாலைந்து இழைகள். குழாயை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, தலைகீழாகப் பிடித்து, தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தட்டினால் வேரோடு மண் கட்டியாக வந்து விழும். அந்த வேரைப் பார்த்தபோதுதான் எனக்கு மரியாதை வந்தது. மேலே ஒன்றுமே இல்லை, கீழே குழாய் முழுக்க வெள்ளை நரம்புகள். என் பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஒரு இளைஞர், "கட்டைவிரலால் அழுத்துங்கள், காற்று உள்ளே நிற்கக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தார். பசை மாதிரி ஒட்டும் கறுப்பு மண். ஒரு சாண் தோண்டுவதற்குள் கல்லில் இடிக்கும். மெர்ரி என்றாலே அவர்கள் மொழியில் பாறை என்றுதான் பொருள். உங்கள் கவுன்சிலுக்கும் அந்தப் பெயர்தானே இப்போது? முன்பு மோர்லண்ட் என்றிருந்தது ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டத்தின் பெயர் என்று தெரிந்து, 2022இல் மெர்ரி-பெக் என்று மாற்றினார்கள்.

மெல்பர்னுக்கு வடக்கும் மேற்கும் எரிமலைக் குழம்பு ஆறிப் படிந்த சமவெளி. பெரும்பகுதி புல்வெளி. மரம் அங்கங்கே. வந்திறங்கியவர்கள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் மேய்ச்சல் நிலமாகத் தெரிந்தது. அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு அது சோற்றுப்பானை. புல் தூர்களுக்கு நடுவில் மர்னாங் என்று ஒரு செடி உண்டு. மஞ்சள் பூ, மொட்டு மட்டும் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். அடியில் சின்ன முள்ளங்கி போலக் கிழங்கு. பெண்கள் கூர்மையான கம்பால் கிளறி, பெரியதை எடுத்துக்கொண்டு சிறியதை மண்ணிலேயே விட்டுவருவார்கள். கிளறக் கிளற மண் பொலபொலவென்று ஆகும், அடுத்த வருடம் இன்னும் நன்றாக விளையும். உழவு என்று பெயர் வைக்காத உழவு அது.

1835இல் செம்மறி ஆடுகள் வந்தன. ஆடு மர்னாங்கை விரும்பித் தின்னும், மூக்கால் கிளறி வேரோடு தின்னும். லட்சக்கணக்கான குளம்புகள் மிதித்து மண் இறுகிப் போனது. சில வருடங்களில் ஒரு சமூகத்தின் அன்றாட உணவு தரையிலிருந்து மறைந்துவிட்டது. நிலம் பறிபோனது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது பசியாக வந்தது என்பதை அந்த ஓடைக்கரையில்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்தப் புல்வெளியில் இன்று நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சவில்லை. அதனால் உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அன்று அந்தக் கூட்டத்திலேயே முக்கியமான செடியை நட்டவர்களில் அவனும் ஒருவன்.

இப்போது உங்கள் சீகைக்கு வருகிறேன். குன்னூர்க்காரரான உங்களுக்கு அது உறுத்தியதில் வியப்பில்லை, நான் கோத்தகிரியில் இருப்பதால் எனக்கும் உறுத்தியது. நம் மலைமேல் இருந்ததும் இதே கதைதான். சோலைக்காடு பள்ளத்தில், மேடெல்லாம் புல்வெளி. வெள்ளைக்காரர்கள் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆட்களும் நிறுத்தவில்லை, தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ் வேண்டும் என்று இன்னும் அதிகமாக நட்டார்கள். தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் போயிற்று. கோயில் கூரை வேயும் புல்லைத் தேடி அவர்கள் வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது. வெட்டினால் போய்விடுமா என்றால் அதுவும் இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கும், தீ பட்டால் விழித்து நாற்றங்கால் போட்டது போல எழும்பும்.

அதே மரம் மெர்ரி ஓடையில் சொந்த வீட்டுப் பிள்ளை. அதன் இலையையும் விதையையும் தின்னும் பூச்சிகள் அங்கே உண்டு, பிசினை நக்க வரும் பிராணிகள் உண்டு. வேகமாக வளர்ந்து, மண்ணுக்கு உரம் சேர்த்து, பத்து இருபது வருடத்தில் விழுந்து, அடுத்த மரத்துக்கு இடம் விடும். அங்கே தன்னார்வலர்கள் பிடுங்கி எறிவது ஐரோப்பாவிலிருந்து வந்த வில்லோ மரங்களை. இன்னொன்றையும் சொல்கிறேன், நீங்கள் நம்பாமல்கூடப் போகலாம்: உங்கள் மகன் நட்ட கங்காரு புல் நம் நீலகிரிப் புல்வெளியிலும் இயற்கையாகவே வளர்கிறது. அதே இனம், வித்தியாசம் இல்லை. நீங்கள் சின்ன வயதில் அதை மிதித்து ஓடியிருப்பீர்கள்.

எது எங்கே இருக்கவேண்டும் என்பதை யாரிடம் கேட்பது? உங்கள் கணவரின் கேள்விக்கு நான் இந்த வழியாகத்தான் போக முடியும்.

அந்தப் பெரியம்மா வரவேற்றபோது "வோமின்ஜேகா" என்று சொல்லியிருப்பார். (அங்கே மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் அழைக்கிறார்கள். நாம் போகிறவர் வருகிறவரையெல்லாம் அப்படிக் கூப்பிடுவதால் அதன் கனம் நமக்குத் தெரிவதில்லை. அங்கே அது சமூகம் கொடுக்கும் பட்டம்.) அந்தச் சொல்லை வெறும் 'நல்வரவு' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். வா, வந்து உன் நோக்கத்தைச் சொல் என்பதுதான் அதன் உள்பொருள். ஒரு குழுவின் நிலத்துக்குள் இன்னொரு குழு வரவேண்டுமானால் எல்லையில் காத்திருக்க வேண்டும், எதற்காக வந்தோம் என்று சொல்ல வேண்டும். புகை போட்டு, மரக்கிளை கொடுத்து, இருக்கும்வரை தண்ணீரும் உணவும் உனக்கு உண்டு என்று உள்ளே விடுவார்கள். டாண்டெரம் என்று அந்தச் சடங்குக்குப் பெயர். வந்தவர் இரண்டு வாக்குறுதி தரவேண்டும்: பஞ்சிலின் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன், பஞ்சிலின் நிலத்துக்கும் குழந்தைகளுக்கும் தீங்கு செய்யமாட்டேன். பஞ்சில் அவர்களைப் படைத்த கழுகு.

1835 ஜூன் மாதம் ஜான் பேட்மன் என்பவர் வுருண்ட்ஜெரி தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டதாகச் சொல்லி ஒரு காகிதம் காட்டினார். போர்வை, கோடரி, கத்தி, கண்ணாடி, மாவு கொடுத்து ஆறு லட்சம் ஏக்கர். அது நடந்தது மெர்ரி ஓடைக்கரையில்தான் என்று பலர் நம்புகிறார்கள். அந்தத் தலைவர்கள் தாங்கள் செய்வது டாண்டெரம் என்று நினைத்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். வந்தவனை விருந்தாளியாக ஏற்றுக்கொண்டார்கள், அவன் விற்பனைப் பத்திரம் என்று எழுதிக்கொண்டான். அந்தப் பத்திரத்தையும் சில வாரங்களில் கவர்னர் செல்லாது என்று அறிவித்தார். மக்களுக்கு நியாயம் செய்வதற்காக அல்ல, நிலம் முழுவதும் ஏற்கெனவே பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தம், அதை விற்க இவர்கள் யார் என்று.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டி உங்களை வரவேற்றதை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை வரவேற்று எல்லாவற்றையும் இழந்தவர்களின் பேத்தி, மறுபடியும் ஒரு கூட்டத்தைப் பார்த்து வா என்கிறார். அன்று நான் புகைக்குள் நடந்தபோது முதலில் வந்த நினைவு ஊட்டித் தைலம்தான். சளி பிடித்தால் அம்மா ஆவி பிடிக்க வைப்பாளே, அந்த வாசம். பச்சை இலை என்பதால் தீ தெரியாது, வெள்ளையாகக் கெட்டியான புகை, கண் எரியவில்லை. துண்டு போர்த்திய குழந்தை மாதிரி நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்தான் மெதுவாக நகர்த்தினார்.

நிலத்தைப் பிடுங்கியவர்கள் நாம் இல்லை, உண்மை. அங்கே போன நம் ஆட்களில் எத்தனையோ பேர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தங்கள் சொந்த மண்ணை விட்டு ஓடிவந்தவர்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் அது கவர்னரின் அந்த அறிவிப்பில்தான் போய் நிற்கும். அதற்காகத் தலைகுனியச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வந்து நோக்கத்தைச் சொல் என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அதற்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்று வந்தவர்களுக்கு என்ன வேலை என்பதற்கு வில்லியம் கூப்பர் என்ற பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர், மெல்பர்னில் ஃபுட்ஸ்கிரேயில் வாழ்ந்தவர். 1938 ஜனவரி 26, வெள்ளையர் வந்து 150 வருடம் ஆன கொண்டாட்டம். அன்றைக்கு சிட்னியில் பூர்வகுடித் தலைவர்கள் துக்க நாள் அனுசரித்தார்கள், அதற்கு முன்நின்றவர்களில் கூப்பரும் ஒருவர். நீங்கள் போன நைடாக் வாரத்தின் வேர் அந்தத் துக்க நாள்தான். 1955இல்தான் அதை ஜூலைக்கு மாற்றினார்கள், 1975இல் ஒரு வாரமாக்கினார்கள். அதே 1938 டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்களின் வீடுகளும் கோயில்களும் கொளுத்தப்பட்ட செய்தி வந்தபோது, கூப்பரின் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் லீக் சார்பில் ஒரு குழு மெல்பர்னில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குக் கண்டனக் கடிதம் எடுத்துக்கொண்டு போனது. தூதரகம் அதை வாங்க மறுத்துவிட்டது. தங்கள் நாட்டிலேயே உரிமை இல்லாத மக்கள், பார்த்தே இராத மக்களுக்காக நடந்துபோனார்கள். எங்களுக்கு இதில் என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை.

2023 அக்டோபரில் நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்று போட்டபோது நான் இங்கே கோத்தகிரியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் கணவரின் கோபம் அந்த இடத்திலிருந்து வருகிறது என்றால் அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஒரு நாள் விழாவால் அந்த ஓட்டை ஈடுகட்ட முடியாது.

ஆனால் ஓடைக்கரையில் நடப்பது அந்த ஒரு நாள் மட்டும் இல்லை. ஒருகாலத்தில் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த ஓடை அது. மெர்ரி ஓடை மேலாண்மைக் குழு 1989இலிருந்து வேலை செய்கிறது. வுருண்ட்ஜெரி மக்களுக்கே நரப் என்று ஒரு நிலப் பராமரிப்புக் குழு இருக்கிறது, நரப் என்றால் அவர்கள் மொழியில் நிலம். அதில் அவர்கள் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். களை எடுக்கிறார்கள், விதை சேகரிக்கிறார்கள், புல்வெளிக்குப் பக்குவமாகத் தீ வைக்கிறார்கள். மெதுவாக, முழங்காலுக்குக் கீழே நகரும் தீ. கங்காரு புல் அடர்ந்துபோனால் நடுவில் பூச்செடி எதுவும் பிழைக்காது, தீ அந்த இடைவெளியைத் திறந்துவிடும். நம் தோடர்களும் மேய்ச்சல் புல்லுக்கு அப்படித் தீ வைத்துவந்தவர்கள்தான். அது மேய்ப்பவனின் அறிவு என்று நம் ஊரில் ஒத்துக்கொள்ளவே வெகுகாலம் ஆயிற்று.

ஆகவே ஒன்று செய்யுங்கள். அடுத்த ஜூலை வரை காத்திருக்காதீர்கள். ஓடைக் குழுக்கள் களையெடுக்க ஆள் கூப்பிடும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேமரா இருக்காது, சாசேஜும் இருக்காது. அங்கே அவர் தன் கேள்வியை நேராகவே கேட்கலாம். குனிந்து வேலை செய்துகொண்டே பேசும்போது மனிதர்கள் மழுப்புவதில்லை.

மகனுக்கு ஒரு வேலை. கோடையில் அந்தப் புல் செந்தவிட்டு நிறமாக மாறி விதை வைக்கும், இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம். விதைக்கு நீளமாகக் கறுப்பு வால் ஒன்று இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் வால் தானாக முறுக்கு அவிழ்ந்து சுழல ஆரம்பிக்கும். அப்படித்தான் அது மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. பார்த்து முடித்ததும் நட்ட இடத்திலேயே அதைப் போட்டுவிடட்டும்.

அன்புடன்