மகனுக்கு ‘ஃபிட்’ சர்டிபிகேட் வாங்காதீர்கள்

கேள்வி: என் மகன் 2012 ஜனவரியில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தான். காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் பகுதியான குப்வாராவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு செகந்திராபாத் வந்தான். அங்கே ஒரு சுபேதார் அவனைப் படாத பாடு படுத்திவிட்டார். 2019 ஆகஸ்டில் ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மனச்சிதைவு நோய் என்றார்கள். 2021 ஆகஸ்டில் போர்டு அவுட் செய்து, அதாவது மருத்துவ போர்டு வைத்துத் தகுதியில்லை என்று சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊனம் 40 சதவீதம் என்று போட்டும் பென்ஷன் கிடையாதாம், கிராஜுவிட்டி மட்டும்தான். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறான். மதுரையில் ஒரு மனநல மருத்துவர் ‘ஃபிட்’ என்று சர்டிபிகேட் தருவதாகச் சொல்கிறார். அதை வைத்து அவனை மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லி வழக்குப் போடலாமா? அந்த சுபேதார் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிற நோயின் பெயரையும் எடுக்க வேண்டும், பெண் கேட்டுப் போகிற இடத்தில் எல்லாம் அதுதான் பேச்சு. கலெக்டர் ஆபீஸ், முதல்வர் தனிப்பிரிவு, பிரதமர் அலுவலகம் எல்லாவற்றுக்கும் மனு போட்டுப் பார்த்துவிட்டேன். (ஒரு தகப்பன், பேரையூர் வட்டம்)

பதில்: ஐயா, முதல் வேலையாக அந்த மருத்துவருக்குப் போன் போட்டு, சர்டிபிகேட் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பியது பதினோரு பக்கம். இரண்டு தடவை படித்தேன். அதில் நாலு பக்கம் சுபேதார். அவர் திட்டியது, சாப்பாட்டு நேரத்தில் நிற்க வைத்தது, கூட இருந்தவர்கள் சிரித்தது எல்லாம். பெற்ற மனசுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் வழக்குக்கு அதில் ஒரு வரிகூட உதவாது. சாட்சி சொல்ல எவனும் வரமாட்டான், எழுத்தில் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், பென்ஷன் வாங்க யார் மேலும் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நாலு பக்கத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஏழாம் பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். “2019 ஜூன்ல அவங்க அம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன். லீவு கேட்டான், ஆள் இல்லைன்னு தரலை.” உங்கள் வழக்கு மொத்தமும் அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். ஊனப் பென்ஷனுக்கு 20 சதவீதம் போதும், உங்கள் மகனுக்கு 40 போட்டிருக்கிறார்கள். அதில் தகராறு இல்லை. போர்டு தாளில் ‘நோய் பணியால் வந்ததா, அல்லது பணியால் முற்றியதா’ என்ற இடத்தில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று போட்டு, காரணமாக ‘உடல்வாகு சார்ந்த நோய், அமைதிப் பகுதியில் தொடங்கியது’ என்று எழுதியிருக்கிறார்கள். தகராறு அந்த ஒரு ‘இல்லை’யில்தான். அதை உடைத்தால் பென்ஷன். உடைக்காவிட்டால் எத்தனை மனு போட்டாலும் ஒன்றும் நடக்காது.

மருத்துவ போர்டுகளுக்கு என்று ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது, 2008-ல் திருத்தியது. உங்கள் மகன் வெளியே வந்த தேதிக்கு அதுதான் பொருந்தும். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு வேறு விதிகள், அது உங்களுக்கு வேண்டாம். மனநோய் விஷயத்தில் அந்த வழிகாட்டி முக்கியமாக இரண்டு வாசல் வைத்திருக்கிறது. தீவிரவாத எதிர்ப்புப் பகுதியிலோ உயர்ந்த மலைப் பகுதியிலோ இருக்கும்போது நோய் தோன்றினால், பணியால் வந்தது என்று ஏற்கலாம். மனைவி, பிள்ளை மரணம் மாதிரி வழிகாட்டி பட்டியல் போட்டிருக்கும் குடும்ப நெருக்கடியில், பணி நெருக்கடி என்று சொல்லி லீவை மறுத்து, அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் நோய் தோன்றினால், பணியால் முற்றியது என்று ஏற்கலாம். ஜூனில் லீவு மறுப்பு, ஆகஸ்டில் ஆஸ்பத்திரி. மூன்று மாதம் ஆகவில்லை. தாயின் ஆபரேஷன் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை, அதையும் அதே மாதிரி நெருக்கடியாக ஏற்க வேண்டும் என்று வாதாட வேண்டியிருக்கும். ‘அமைதிப் பகுதியில் தொடங்கியது’ என்ற காரணம் இந்த இரண்டாவது வாசலை அடைக்காது.

‘சேரும்போது நன்றாக இருந்தான், எனவே பட்டாளம்தான் காரணம்’ என்ற வாதத்தை மட்டும் நம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். 2013-ல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது குறிப்பு எதுவும் இல்லை என்றால் பணியால் வந்ததாகத்தான் அனுமானிக்க வேண்டும், நிரூபிக்கும் பாரம் அரசின் மேல் என்று சொன்னது உண்மை. ஆனால் 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கு, அதே மனச்சிதைவு நோய், அங்கே நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லிவிட்டது. இந்த நோயை ஆள் எடுக்கும்போது செய்கிற சோதனையில் கண்டுபிடிக்க முடியாது, எனவே அனுமானம் மட்டும் போதாது என்று. அரசு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். நமக்குத் துணையாக 2013-ன் வீர் பால் சிங் தீர்ப்பும், 2025 மே மாதத் தீர்ப்பு ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் மனச்சிதைவு வழக்குகள்தான். இரண்டாவதில், காரணம் எழுதாமல் போர்டு வெறுமனே ‘இல்லை’ என்று போட்டால் அது நிற்காது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் போர்டு ஏதோ ஒரு காரணம் எழுதிவிட்டது. அதனால்தான் தீர்ப்புகளைவிட அந்த லீவு மனு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது சர்டிபிகேட் விஷயம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த ஒரு காகிதத்தால் ஒரு குடும்பம் கையில் இருந்ததை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலூர் பக்கத்துப் பையன். இதே நோய், இதே ‘இல்லை’. நல்ல வழக்கு. ட்ரிப்யூனல் (ஆயுதப்படைத் தீர்ப்பாயம்) மறு மருத்துவப் போர்டுக்கு அனுப்பியது. வழக்குப் போடும் முன்னால் அவன் தகப்பனார், என்னைக் கேட்காமலே, ‘எவ்விதக் குறையும் இல்லை, எல்லா வேலைக்கும் தகுதியானவர்’ என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி, சிப்பாய்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். மறு போர்டு மேசையில் அந்தக் காகிதம் இருந்தது. போதாக்குறைக்கு, உள்ளே போகும் முன் மகனுக்கு முடி வெட்டி, சட்டை இஸ்திரி போட்டு, “நல்லா இருக்கேன்னு சொல்லுடா”ன்னு சொல்லி அனுப்பியிருக்கிறார். அவனும் அப்படியே சொன்னான். ராத்திரி மாத்திரை போடாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஊனம் 20-க்குக் கீழே என்று எழுதிவிட்டார்கள். வழக்கு அங்கேயே முடிந்தது. அந்தத் தகப்பன் செய்தது பாசத்தில் செய்தது. மகன் பைத்தியம் இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற தவிப்பு. அந்தத் தவிப்பு உங்கள் கடிதத்திலும் இருக்கிறது, அதனால்தான் பயப்படுகிறேன்.

‘அவனுக்கு ஒன்றும் இல்லை, வேலை கொடு’ என்பதும், ‘உன் வேலையால் இப்படி ஆனான், பென்ஷன் கொடு’ என்பதும் ஒரே மனுவில் நிற்காது. ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். இரண்டில் எது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். என் முடிவைக் கேட்டால், வேலையை விட்டுவிடுங்கள். மனச்சிதைவில் போர்டு அவுட் ஆனவரைத் திரும்பத் துப்பாக்கி கொடுத்துச் சேர்த்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. பென்ஷன் கிடைக்கும் வழி இருக்கிறது. கிடைத்தால் சர்வீஸ் பங்காகக் கடைசிச் சம்பளத்தில் பாதி வரும். அவர் பத்து வருஷம் முடிக்கவில்லை என்பது இதற்குத் தடை இல்லை. அதோடு ஊனப் பங்கு. போர்டு அவுட் ஆனவர்களுக்கு 40 சதவீதத்தை 50-ஆக உயர்த்திக் கணக்கிடுவார்கள், அது சம்பளத்தில் 15 சதவீதம். பணத்தைவிடப் பெரிது, பென்ஷன்தாரர் ஆனால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேரலாம், மதுரையிலேயே பாலிகிளினிக் இருக்கிறது. ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டிய பிள்ளைக்கு, உங்களுக்குப் பிறகு யார் வாங்கித் தருவார்கள் என்று யோசியுங்கள். பென்ஷன் வாங்கினால் வேறு வேலைக்குப் போகக் கூடாது என்று சட்டமும் இல்லை.

இன்னொரு பள்ளம், போர்டு தாளில் இருக்கும் அவருடைய சொந்த வாக்குமூலம். ‘பணியில் சேரும் முன் இந்த நோய் இருந்ததா’ என்று ஒரு கேள்வி இருக்கும். பக்கத்தில் இருக்கிறவர் பேனாவைப் பிடித்து எழுதிக்கொடுப்பார், இவர் கையெழுத்துப் போடுவார். ஒரு தாளில் ‘சிறு வயது முதல் தனிமை விரும்பி’ என்று ஒருவர் கையெழுத்தில் எழுதி, கீழே நடுங்கிப்போன, கோட்டை விட்டு இறங்கிய கையெழுத்தைப் பார்த்தேன். அது மருந்தின் நடுக்கம். அந்த ஆறு மாத வழக்கில் பாதி அந்த ஒரு வரியோடுதான் போராடினோம். உங்கள் மகனின் தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் எதையும் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இதே வரி ஊர் ஆஸ்பத்திரியிலும் உருவாகும். பெரியாஸ்பத்திரியில் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், தொடர்ந்து காட்டுங்கள், ஓ.பி. சீட்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள். ஆனால் டாக்டர் “எப்ப இருந்து?” என்று கேட்டால், அம்மாக்கள் சொல்வது, “சின்னதுலயே அவன் ஒரு மாதிரிதான் சார், யார்கூடயும் பேசமாட்டான்.” டாக்டர் அதை எழுதிவிடுவார். மாமனுக்கும் இப்படி இருந்தது என்பார்கள், அதையும் எழுதுவார். பொய் சொல்லச் சொல்லவில்லை. மாமனுக்கு இருந்தால் இருந்தது என்றே சொல்லுங்கள். கூச்ச சுபாவம் நோய் இல்லை, அதை நோய்க்கணக்கில் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். காதில் குரல் கேட்க ஆரம்பித்தது எப்போது, தூக்கம் போனது எப்போது, அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

அதே மாதிரி, நோய் குப்வாராவிலேயே ஆரம்பித்ததாக மாற்றி எழுதினால் வழக்கு இன்னும் பலம் என்று யாராவது சொல்வார்கள். அரியர்ஸில் பங்கு கேட்கும் ஏஜெண்டுகள் கட்டாயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். குப்வாராவில் இருந்த இரண்டு வருஷத்தில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போன பதிவே இல்லை. அங்கே ஆரம்பித்தது என்று எழுதினால் ஜூன் லீவு மறுப்பை நீங்களே அர்த்தமில்லாமல் ஆக்கிவிடுகிறீர்கள். பணியால் வந்தது என்றாலும் பணியால் முற்றியது என்றாலும் பென்ஷன் தொகை ஒன்றுதான். கிடைக்கிற வாசல் வழியாகப் போவோம்.

நோயின் பெயரை எடுக்கும் கோரிக்கையையும் விட்டுவிடுங்கள். அந்தப் பெயர்தான் உங்கள் பென்ஷனின் அடிப்படை. பெண் கொடுப்பவர்களிடம் மறைத்துக் கல்யாணம் செய்வது பின்னால் வேறொரு கோர்ட்டில் கொண்டு நிறுத்தும், அது என் துறை இல்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

நேரம் பற்றி. நீங்கள் போட்டதெல்லாம் மனு, ஒன்றுகூட அப்பீல் இல்லை. நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட்டிருக்க வேண்டும். இப்போதாவது, தாமதத்துக்குக் காரணம் எழுதிப் போடுங்கள். ஆறு மாதம் பதில் இல்லை என்றால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உலகனேரியில் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட்டால் அங்கே போ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், வீண் அலைச்சல். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுகிற விஷயம் என்பதால் தாமதத்தால் உரிமை சாகாது, இது 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் முடிவான விஷயம். ஆனால் அரியர்ஸ், வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வருஷத்துக்குத்தான். உங்களுக்கு அந்த மூன்று வருஷம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது.

ஒருவேளை லீவு ஆவணம் கிடைக்காமல் அந்த ‘இல்லை’ உடையவே இல்லை என்றால், இன்னொரு சின்ன வழி உண்டு. பணிக்குச் சம்பந்தமில்லாத நோயால் போர்டு அவுட் ஆனவர்களுக்கு, பத்து வருஷம் முடிக்காவிட்டாலும் இன்வாலிட் பென்ஷன் தரலாம் என்று 2020 ஜூலை 16-ல் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவு போட்டது, 2019 ஜனவரி 4 அன்றோ பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு. உங்கள் மகன் அதற்குள் வருகிறார். அதில் ஒரு நிபந்தனை, ராணுவ வேலைக்கு மட்டுமல்லாமல் சிவில் வேலைக்கும் நிரந்தரமாகத் தகுதியற்றவராக இருக்க வேண்டும். ‘எல்லா வேலைக்கும் ஃபிட்’ என்ற சர்டிபிகேட் கையில் இருந்தால் இந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு இந்த வாரமே, உங்கள் பெயரில் வேண்டாம், மகன் பெயரிலும் கையெழுத்திலும் ஒரு ஆர்.டி.ஐ. மனு போகட்டும். மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: போர்டு நடவடிக்கைகள் முழுவதும், மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது கமாண்டிங் ஆபீசர் எழுதிய அறிக்கை, 2019-ம் ஆண்டு லீவுப் பதிவு. அந்தக் கமாண்டிங் ஆபீசர் அறிக்கையில் ‘இதுவரை நல்ல சிப்பாய், ஜூலையிலிருந்து மாற்றம்’ என்கிற மாதிரி ஒரு வரி இருந்துவிட்டால், அது எந்தச் சாட்சியைவிடவும் மேல். லீவுத் தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அம்மாவின் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றே தேடி எடுங்கள், அதில் தேதி இருக்கும். லீவு கேட்ட நாட்களில் மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது வீட்டில் யார் போனிலாவது இருந்தால், போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள்.

மதுரைக்கு வரும்போது மகனையும் கூட்டி வாருங்கள். அவர் வயது வந்தவர், மருந்தில் தெளிவாக இருக்கிறார், வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அவர்தான். உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, அந்த ஜூன் மாதத்தைப் பற்றி அவரிடம் தனியாக அரை மணி நேரம் பேச வேண்டும்.