கேட்டதும் சொன்னதும்: மழை, பால், இரவல் குரல்

கே: ‘சிங்கின் இன் த ரெயின்’ என்ற 1952 ஹாலிவுட் படத்தில் மழை பளிச்சென்று தெரியத் தண்ணீரில் பால் கலந்தார்களாமே?
(திண்டுக்கல் வாசகர்)

ப: பாலும் இல்லை, மோரும் இல்லை. விளக்கை மழைக்குப் பின்னால் வைத்தால் துளித்துளியாகத் தெரியும், முன்னால் வைத்தால் காணாமல் போய்விடும், கேமராக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. பாலைவிடச் சுவாரசியமான விஷயம் வேறு இருக்கிறது. எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் தெரு செட்டையே கறுப்புத் தார்ப்பாயால் மூடி, பட்டப்பகலை இரவாக்கித்தான் அந்த மழை நடனத்தை எடுத்தார்கள். தேங்கி நிற்கும் தண்ணீரும் தானாகத் தேங்கியதல்ல, கதாநாயகன் ஜீன் கெல்லியின் கால் எங்கே விழவேண்டுமோ அங்கே பள்ளம் தோண்டி நிரப்பியது. அந்த மனிதருக்கு அப்போது 103 டிகிரி காய்ச்சல்! அடுத்த முறை பார்க்கும்போது கடைசியில் வரும் போலீஸ்காரரைக் கவனியுங்கள். அவரைப் பார்த்ததும் சின்னப் பையன் மாதிரி தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்த கெல்லி சட்டென்று நின்று, அசட்டுச் சிரிப்போடு நழுவி, எதிரே வருகிறவர் கையில் குடையைக் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்குத்தான் நனைந்து முடிந்துவிட்டதே, குடை எதற்கு?

கே: இவ்வளவு நல்ல பாட்டுகளை ஒரே படத்துக்கு எப்படி எழுதினார்கள்?
(தஞ்சாவூர் வாசகி)

ப: எழுதவில்லை அம்மா, பெரும்பாலானவை பழைய சரக்கு. தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் ஒரு காலத்தில் பாடலாசிரியர், இசை நேசியோ ஹெர்ப் பிரவுன். தலைப்புப் பாட்டே 1929-இல் வேறொரு எம்.ஜி.எம். படத்தில் வந்துவிட்டது. மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நாம் மல்லுக்கட்டுகிறோம். இங்கே பாட்டெல்லாம் தயாராக இருக்கிறது, இதற்கு ஒரு கதை எழுதிக்கொடுங்கள் என்று கதாசிரியர்கள் பெட்டி காம்டென், அடால்ஃப் கிரீன் இருவரிடமும் நீட்டிவிட்டார்கள். இந்தப் பாட்டுகள் எந்தக் காலத்தவையோ அந்தக் காலத்திலேயே கதையை வைத்துவிடலாம் என்று, மௌனப்படம் பேசத் தொடங்கிய 1927-க்கு அவர்கள் போனதுதான் படத்தின் அதிர்ஷ்டம். கெல்லியின் நண்பராக வரும் டொனால்ட் ஓ'கானர் சுவரில் ஏறிக் குட்டிக்கரணம் போடும் பாட்டு புதிது. அதிலும், இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் 1948-இல் ‘த பைரேட்’ படத்துக்குப் போட்ட பாட்டின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். அதுவும் அதே ஃப்ரீட் தயாரித்த படம்தான்! போர்ட்டர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

கே: டெபி ரெனால்ட்ஸ் சொந்தக் குரலில் பாடினாரா?
(கோவை வாசகர்)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். படத்தின் கதை என்ன? லீனா என்ற பெரிய நடிகைக்குக் கீச்சுக்குரல், பேசும்படத்துக்கு ஆகாது. அதனால் கேத்தி என்ற புதுப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் நிறுத்திக் குரல் கொடுக்கவைக்கிறார்கள், அந்தத் திருட்டு கடைசியில் அம்பலமாகிறது. கேத்தியாக வந்தவர் டெபி, லீனாவாக வந்தவர் ஜீன் ஹேகன். இப்போது நிஜத்துக்கு வாருங்கள். லீனாவுக்காக டெபி ‘வுட் யூ’ பாட்டைப் பாடுவதாக வரும் காட்சியில் கேட்பது பெட்டி நாய்ஸ் என்ற பாடகியின் குரல். சரி, வசனமாவது டெபியுடையதா என்றால் அதுவும் இல்லை. லீனாவுக்காக டெபி பேசுகிறாரே, அங்கே ஒலிப்பது ஹேகனின் சொந்தக் குரல், நல்ல கம்பீரமான குரல்! அதாவது தன் குரலைத் தானே இரவல் வாங்கியிருக்கிறார் ஹேகன். அடுத்தவள் குரலில் பிழைப்பது மோசடி என்று சொல்லும் படம் இதைச் செய்திருக்கிறது, பெட்டி நாய்ஸ் பெயர் டைட்டிலில்கூட இல்லை. பின்னணிக் குரலிலேயே வளர்ந்த நமக்கு இது பெரிய குற்றமாகப் படாது என்றாலும், பெயரையாவது போட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஒரு கோபம்.

டெபியையும் திட்டிவிடாதீர்கள். 19 வயது, நடனம் தெரியாது, கெல்லி பயங்கரக் கறார். ‘குட் மார்னிங்’ பாட்டைக் காலை எட்டு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை எடுத்தார்களாம், முடிவில் அந்தப் பெண்ணின் காலில் ரத்தம்.

கே: எத்தனை ஆஸ்கர்?
(நாகர்கோவில் வாசகர்)

ப: ஒன்றுகூட இல்லை. இரண்டு பரிந்துரைகள், அதில் ஒன்று ஹேகனுக்கு. முந்தைய ஆண்டு இதே ஃப்ரீட், இதே கெல்லியின் ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ சிறந்த படம் வாங்கிவிட்டது. இந்த முறை பரிசைத் தட்டிக்கொண்டு போனது ஒரு சர்க்கஸ் படம்.

கே: படத்தை இயக்கியது கெல்லிதானே?
(அதே நாகர்கோவில் வாசகர்)

ப: பாதிதான் சரி. கூடவே ஸ்டான்லி டோனன் என்று ஒருவர் இருந்தார், அப்போது அவருக்கு 27 வயது. டைட்டிலில் பெயர் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.