பனிக்கால மலைப்பாதை: வாசகர் கேள்வி, ஓட்டுநர் பதில்

மார்கழி நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பனியைப் பற்றித்தான் இருக்கும். நான் ராணுவத்தில் டிரைவராக இருந்தவன். காஷ்மீர், லடாக் ரோடுகளில் லாரி ஓட்டிவிட்டு ஓய்வுபெற்று வந்து, இப்போது அருவங்காட்டில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு காரில் ஊட்டி வருகிறோம். மலையில் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. விடிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் விடியும்போது உறைபனி பார்க்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, அந்த நேரம் வேண்டாம். தூக்கம் கெட்ட கண், பழக்கமில்லாத பாதை, இருட்டு, பனி எல்லாம் ஒரே நேரத்தில் சேரும். மேட்டுப்பாளையம்–குன்னூர் வழியில் கல்லாறு, பர்லியார் பக்கம் யானை ரோட்டைக் கடக்கும் இடங்களும் உண்டு. உறைபனி பார்க்க ஆசை இருந்தால் முந்தின நாள் பகலிலேயே ஏறி வந்து தங்குங்கள். காலையில் குழந்தைகளுக்குக் குல்லாவும் கையுறையும் மாட்டி, நடந்து போய்ப் பாருங்கள்.

எந்த நாளில் பனி விழும் என்று முந்தின ராத்திரியே ஓரளவு தெரிந்துவிடும். வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது என்றால் காலையில் உறைபனி இருக்கலாம். மேகம் மூடியிருந்தால் தரையின் சூடு அவ்வளவாகப் போகாது. அன்று பெரும்பாலும் உறைபனி இருக்காது, மூடுபனி இருக்கலாம். ‘போனில் 3 டிகிரி என்று காட்டுகிறதே, எப்படி உறையும்?’ என்று பலர் கேட்கிறார்கள். வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் வைத்து அளப்பார்கள். தெளிந்த ராத்திரியில் தரை அதைவிடக் குளிர்ந்துவிடும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் 3 டிகிரி என்று காட்டும்போதே தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கிறது.

நம் ஊரில் தார் ரோடு முழுக்க உறைவது அபூர்வம். தண்ணீர் நிற்கும் இடங்கள்தான் ஆபத்து. கழுவிய கேரட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரிகளைப் பார்த்தால், மூட்டைக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். வளைவில் லாரி சாயும்போது ஒரு பக்கமாக வழிந்து ரோட்டில் கோடு விழும். பாறையிலிருந்து ஊற்று கசியும் இடங்களும் அப்படித்தான். வெயில் படாத வளைவில் அந்த ஈரம் காலை 8 மணி வரைகூட வழுக்கும். டூவீலர்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இனி இறக்கம். உங்கள் கேள்வியில் இது இல்லை, ஆனால் எனக்கு இதுதான் கவலை. ஏறும்போது இன்ஜின் திணறும், வண்டி தானாகவே மெதுவாகப் போகும். இறங்கும்போதுதான் ஆள் போகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ‘எல்’ அல்லது மேனுவல் நிலையில் போடுங்கள். வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

பிரேக் கருகிய வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிவிடும். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ரோட்டில் விட்டுப்போன கல்லில் ராத்திரி எத்தனையோ பைக்குகள் மோதுகின்றன.

போன் மேப் காட்டுகிறது என்று, ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி வழியாக இறங்கப் பார்க்காதீர்கள். 36 வளைவுகள், செங்குத்தான இறக்கம். வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்க அனுமதி கிடையாது. நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸையும் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் வேலை கிடைத்துக் கனடாவில் மான்ட்ரியல் போயிருக்கிறாள். குன்னூர் ரோட்டில் கார் ஓட்டிப் பழகியவள். ‘மலையிலேயே ஓட்டியாச்சு, இந்த ஊர் என்னம்மா’ என்கிறாள். டிவியில் அந்த ஊர்ப் பனியைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அவளுக்கு என்ன சொல்ல?
– வாசகி, வெலிங்டன்

பதில்: அம்மா, உங்கள் மகளிடம் தைரியம் இருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் நம் மலையில் கற்ற ஒரு பாடத்தை அங்கே அப்படியே பயன்படுத்த முடியாது. அதை முதலில் சொல்லுங்கள். இங்கே கியர் குறைத்தால் வண்டியின் வேகம் அடங்கும். அங்கே உறைந்த ரோட்டில் சட்டென்று கியரைக் குறைத்தால், இன்ஜின் இழுக்கும் இழுப்பில் சக்கரம் பிடிமானம் விட்டு வழுக்கும். பிரேக், ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர், கியர் எதுவானாலும் வெடுக்கென்று செய்யக் கூடாது.

காஷ்மீரிலிருந்து லடாக் போகும் வழியில் உள்ள ஜோஜிலா கணவாயில் கான்வாயாகப் போகும்போது நான் கண்ணால் கண்டது: புதிதாக விழுந்த பனியில் டயர் அமுங்கிக் கொஞ்சமாவது பிடிக்கும். முன்னால் பத்து லாரி போய் அழுத்தித் தேய்த்த தடம் இருக்கிறதே, அது கண்ணாடிப் பாளமாகப் பளபளக்கும். அதில் இரும்புச் சங்கிலி கட்டாத சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மகள் ஊரில் சிக்னலுக்கு முன்னால் இருக்கும் கடைசி சில கார் நீளமும் இப்படித்தான் ஆகும். எல்லா வண்டியும் அங்கேதான் பிரேக் பிடித்து, அங்கேதான் சக்கரத்தைச் சுழற்றிக் கிளம்புகிறது. அதனால் தூரத்திலேயே காலை எடுத்து, உருண்டு போய் நிற்கச் சொல்லுங்கள். உறைந்த ரோட்டில் வண்டி நிற்க, காய்ந்த ரோட்டைப் போலப் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டிப் படலம். ரோடு வெறுமனே ஈரமாக இருப்பதாகத் தோன்றும். பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று ஓடுவதால் அவைதான் முதலில் உறையும். கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நாட்கள்தான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். ரோட்டில் உப்புத் தூவுவார்கள். ஆனால் சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. உப்புப் போட்டாயிற்று என்று நம்பி வேகமாகப் போகக் கூடாது.

டயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும், குளிர்கால டயரின் ரப்பர் மிருதுவாகவே இருந்து ரோட்டைப் பிடிக்கும். நான்கு சக்கரத்துக்கும் போட வேண்டும். நாலு சக்கர இழுவை உள்ள வண்டி என்று யாராவது பெருமையாக விற்றால், அது கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது என்பதை மகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

வண்டி வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து, அந்தப் பக்கமாக ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். கண் மரத்தைப் பார்த்தால் கை மரத்துக்குத்தான் கொண்டுபோகும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் அவசரத்துக்குப் பிரேக்கை அழுத்தினால் பெடல் காலுக்கடியில் தடதடக்கும். பயந்து விட்டுவிடாமல் அழுத்தியபடியே இருக்க வேண்டும். முதல் பனி விழுந்ததும் ஆளில்லாத பார்க்கிங் திடலில், பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்து பார்க்கட்டும். கால் ஒருமுறை உணர்ந்துவிட்டால் மறக்காது.

கிளம்பும் முன் கண்ணாடியில் மட்டுமில்லாமல் கூரையிலும் பனியைத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது மொத்தமும் சரிந்து முன் கண்ணாடியை மூடும். காரில் சிறு மண்வெட்டி, கம்பளி, டார்ச், கொஞ்சம் மணல், போன் சார்ஜர். பெட்ரோல் எப்போதும் பாதி டேங்குக்குக் குறையக் கூடாது. அப்புறம் அம்மா, அவள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் போன் பண்ணாதீர்கள். வீடு சேர்ந்ததும் அவளே கூப்பிடட்டும்.

கேள்வி: காலையில் கார் கண்ணாடியில் பனி உறைந்திருக்கிறது. வெந்நீர் ஊற்றலாமா? டீசல் வண்டி, ஸ்டார்ட் ஆகவும் தகராறு செய்கிறது.
– வாசகர், காந்தல், ஊட்டி

பதில்: வெந்நீர் கூடவே கூடாது. ஏற்கெனவே சின்னக் கீறல் இருந்தால் கண்ணாடி அப்படியே விரிந்துவிடும். ராத்திரியே ஒரு சாக்கையோ அட்டையையோ விரித்து, வைப்பரைத் தூக்கி வையுங்கள். உறைபனி படாமல் தேயிலைச் செடிக்குத் தாகைச் செடியை வெட்டிப் போட்டு மூடுகிறோமே, அதே வேலைதான். மறந்துபோனால் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள். ஒட்டியிருக்கும் வைப்பரை மட்டும் ஓடவிடாதீர்கள், ரப்பர் கிழியும், மோட்டாரும் போகும்.

டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். லைட், பாட்டு, ஃபேன் எல்லாவற்றையும் முதலில் அணைத்து, கிளட்சை மிதித்துக்கொள்ளுங்கள். அப்படியும் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். குளிரில் அதன் சக்தி இறங்கும், பழைய பேட்டரி டிசம்பரில்தான் காலை வாரும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் இந்த வாரமே கூலண்ட் கலந்துவிடுங்கள். தண்ணீர் உறைந்தால் பருமன் கூடும், இன்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம்.

கேள்வி: வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது பெருமாள்மலைக்கு மேல் ஒரே மூடுபனி. முன்னால் போனவர்கள் எல்லாம் நான்கு இன்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டே போனார்கள். அது சரியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தவறு. நான்கும் மினுக்கினால் வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா, எந்தப் பக்கம் திரும்பும் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஒதுங்கி நிற்கும்போது மட்டும்தான் அது. ஓடும்போது டிம் லைட், இருந்தால் ஃபாக் லைட். பிரைட் போட்டால் பனித்துளியில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். உள்ளே கண்ணாடி மங்கினால் ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள், ஏசி ஈரத்தை இழுத்துவிடும். ஜன்னலை இரண்டு விரல் இறக்கி, பாட்டை நிறுத்தி, வளைவுக்கு முன் ஹாரன் கொடுத்துக் காது கொடுங்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும், அது சட்டமும்கூட. மூடுபனியில் காட்டுமாடு நடுரோட்டில் நின்றால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. ஹாரன் அடித்து விரட்டாமல், நின்று வழிவிடுங்கள்.

கேள்வி: அறை கிடைக்காவிட்டால் காரிலேயே ஹீட்டர் போட்டுத் தூங்கலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: வேண்டாம் தம்பி. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு வாடை கிடையாது, இருமல்கூட வராது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரேயில் பனியில் சிக்கிய கார்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இந்த வாயுவும் ஒரு காரணம். பனியில் வண்டி மாட்டினால் முதலில் சைலன்சர் வாயை மூடியிருக்கும் பனியை அகற்ற வேண்டும் என்பது எங்களுக்கு ராணுவத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். அறை கிடைத்தாலும் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். மலைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் இப்படி உயிரை விட்ட செய்தி எத்தனை முறை வந்துவிட்டது! அறை பதிவு செய்யாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

கேள்வி: மலை ஏறும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: வேண்டாம். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் மீட்டரில் கொஞ்சம் கூடக் காட்டும், குளிரால் கொஞ்சம் குறையும். இரண்டும் கிட்டத்தட்ட சரிக்குச் சரியாகிவிடும். ஓட்டுநர் பக்கக் கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் சூடாகும் முன் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், பலர் அதைத் தொடுவதே இல்லை.