ஹாரிஸ் பருந்துக்கு இரையாக வீட்டிலேயே எதை வளர்க்கலாம்: எலியா, முயலா, காடையா?

கேட்டவர் இங்கிலாந்தில் ஒரு பெண் ஹாரிஸ் பருந்தை வேட்டைக்குப் பழக்குகிறார். அதற்கான இரையைத் தோட்டத்துக் கொட்டகையிலேயே வளர்க்க நினைக்கிறார். நானும் இங்கே அதே இனப் பறவையோடு மல்லுக்கட்டுகிறவன்தான். என் பதில் காடை. (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் பருந்தையோ வல்லூறையோ பிடித்து வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசைப்படாதீர்கள்.)

எது சத்தானது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் வாரத்துக்கு எத்தனை உருப்படி வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். பெண் ஹாரிஸ் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், நாளுக்கு 80 முதல் 100 கிராம் வரை தின்னும். வளர்ந்த ஜப்பானியக் காடை சுமார் 200 கிராம். ஆக வாரத்துக்கு மூன்று, நான்கு. இதற்கு ஆறு பெட்டையும் இரண்டு சேவலும் போதும். ஒரு வாரத்து முட்டைகளைச் சேர்த்து இன்குபேட்டரில் வைத்தால் 17, 18 நாளில் பொரியும். ஆறேழு வாரத்தில் குஞ்சு முழு வளர்ச்சிக்கு வந்துவிடும். ஆறு வாரத்துக்கு ஒரு ஈடு வைத்தால் ஒரு பருந்துக்குச் சரியாக இருக்கும். இடைப்பட்ட முட்டையெல்லாம் நம் சட்டிக்கு.

இன்னொரு வசதியும் உண்டு. வெளிச்சம் 14 மணி நேரத்துக்கு மேல் இருந்தால்தான் காடை ஒழுங்காக முட்டையிடும். இங்கே கோடையில் அது தானாகக் கிடைக்கிறது. பருந்து இறகு உதிர்த்து, பறக்காமல் உட்கார்ந்து வயிறார தின்பதும் அதே கோடையில்தான்.

வேட்டைக் காலத்தில் மட்டும் அளவு பார்த்துப் போடுங்கள். காடைக்கறி கொழுப்பு மிக்கது. தராசில் எடை சட்டென ஏறும், பசியில்லாத பருந்து மரத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மை வேடிக்கை பார்க்கும்.

மற்றவற்றில் எலி மோசமில்லை. மூன்று வாரச் சினை, ஈற்றுக்கு எட்டுப் பத்துக் குட்டி. ஆனால் வீட்டில் மற்றவர்களின் சம்மதம் வேண்டும்! சுண்டெலி வேண்டாம். ஆண் சுண்டெலியின் மூத்திர நாற்றம் கொட்டகையை விட்டுப் போகாது, ஒரு வேளைக்கு மூன்று நான்காவது வேண்டும். கினிப்பன்றிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் சினை, அதுவும் மூன்று நான்கு குட்டிக்காக. முயலைத்தான் ஹாரிஸ் காட்டிலேயே பிடிக்கிறதே, அதை எதற்கு வளர்ப்பது? புறா வேண்டவே வேண்டாம். அதன் தொண்டையிலுள்ள ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி பருந்துக்குத் தொற்றினால் வாய்க்குள் மஞ்சள் கட்டி வந்து விழுங்க முடியாமல் போகும்.

காடைக்கூண்டை ஒன்று, ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல் உயரத்தில் கட்டுங்கள். இல்லையேல் ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள். மிரண்டால் காடை நட்டுக்குத்தாக எகிறும். நடுத்தர உயரம் என்றால் வேகமெடுத்துப் போய்க் கூரையில் மண்டையை உடைத்துக்கொள்ளும். குஞ்சுகளின் தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டு வையுங்கள். குஞ்சு கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிச் செத்துவிடும்.

அப்புறம், கொல்லும் வேலை உங்களுடையது. உயிரோடு போடுவது வேண்டாம். அனுபவமுள்ளவரிடம் கழுத்து முறிக்கும் முறையை நேரில் கற்றுக்கொண்டு, அது உங்களால் முடியும் என்று தெரிந்தபின் முட்டை வாங்குங்கள். முடியாதென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறைய வைத்த ஒருநாள் கோழிக்குஞ்சு இங்கே மலிவாகக் கிடைக்கிறது, ஒரே ஒரு பருந்துக்குச் செலவுக் கணக்கிலும் அதுதான் லாபம். நானே ஃப்ரீசரில் எப்போதும் ஒரு பை வைத்திருக்கிறேன்.

காடையை நெஞ்சுக்கறியாக மட்டும் அறுத்துப் போடாதீர்கள். எலும்பில்தான் கால்சியம். இறகும் உள்ளே போனால்தான் மறுநாள் உருண்டையாகக் கக்கி வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ளும்.

2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு காடை வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். காரணம் பறவைக்காய்ச்சல். நோயுற்ற காடையைத் தின்றால் பருந்துக்கும் அது வரும். அதனால் கூண்டுக்கு மேல் கெட்டியான கூரை போட்டு, காட்டுப் பறவைகளின் எச்சம் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.