மீட்டர் மாற்ற வர்றாங்க, என்ன பார்க்கணும்? சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

பழைய மின் மீட்டரைக் கழற்றிப் புதுசு வைப்பது அரை மணி நேர வேலை. தகராறு கிளம்புவது பெரும்பாலும் அடுத்த பில்லில்தான். வந்த கேள்விகளும் அதையே காட்டுகின்றன.

மீட்டர் ஓடலைன்னு மாத்த வர்றாங்க. நான் வீட்ல இருக்கணுமா? (அம்மாபேட்டை)

இருங்கள். ஃபிரிட்ஜ், ஏசி எல்லாவற்றையும் அணைத்து மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயின் இறங்கியிருக்கிறது என்று நம்பி வேலை செய்பவருக்கு அதிலிருந்துதான் ஷாக் அடிக்கும்.

அதைவிட முக்கியம் இரண்டு போட்டோ. ஒன்று, கழற்றுவதற்கு முன் பழைய மீட்டரின் கடைசி ரீடிங். இன்னொன்று, புது மீட்டரின் வரிசை எண்ணும் தொடக்க ரீடிங்கும். புது மீட்டர் பூஜ்யத்தில்தான் தொடங்கும் என்பதில்லை. லேபில் சோதிக்கும்போதே சில யூனிட் ஓடியிருக்கும்.

அந்த இரு மாத பில்லில் இரண்டு மீட்டரின் யூனிட்டும் சேர வேண்டும். முந்தைய ரீடிங் 18,240, கழற்றும்போது 18,415 என்றால் 175 யூனிட். புது மீட்டர் 3-இல் தொடங்கி 148-க்கு வந்திருந்தால் 145. மொத்தம் 320. 18,415-ஐ யாராவது 18,615 என்று எழுதிவிட்டால் கணக்கு 520 ஆகிவிடும். கூடுதலாக வந்த 200 யூனிட்டோடு இது நிற்காது. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். மங்கலான திரையில் 4-ம் 6-ம் குழம்புவது சாதாரணம். போட்டோ கையில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஐந்து நிமிடத்தில் முடியும் பேச்சு அது.

புது மீட்டர் வெச்சதுல இருந்து பில் ஏறுது. மீட்டர் வேகமா ஓடுதா? (சூரமங்கலம்)

மீட்டர் வேகமாக ஓடுவது அபூர்வம். பழைய சக்கர மீட்டர் தேய்ந்து போனால் டிவி ஸ்டாண்ட்பை, மொபைல் சார்ஜர் போன்ற சிறு லோடுக்கு அசையவே அசையாது. மின்னணு மீட்டர் அதையும் எண்ணிவிடும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. 1000 வாட் ஹீட்டர் ராடைத் தண்ணீர் வாளியில் மூழ்க வைத்து, பிறகு சுவிட்ச் போடுங்கள். வீட்டில் வேறு எதுவும் ஓடக்கூடாது. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 பல்ஸ் என்று போட்டிருந்தால், சிவப்பு விளக்கு 10 முறை மின்ன 230 வோல்ட்டில் சுமார் 11 விநாடி ஆகும். வோல்ட்டேஜ் 200-க்கு இறங்கியிருந்தால் 15 விநாடி. அயர்ன் பாக்ஸை வைத்துப் பார்க்காதீர்கள், அது நடுநடுவே தானாக அணையும். 7, 8 விநாடியிலேயே 10 மின்னி முடிந்தால், மீட்டரைச் சோதிக்கச் சொல்லிக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம்.

புது மீட்டர்ல எர்த் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கீழ நாங்க, மாடியில வாடகைக்கு இருக்காங்க. தனித்தனி சர்வீஸ்தான். (ஃபேர்லாண்ட்ஸ்)

இதுதான் பில் ஏறுவதற்கு நாம் அடிக்கடி பார்க்கும் காரணம். மாடி கட்டும்போது எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் மேல் வீட்டு நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கீழ் வீட்டு நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கியிருப்பார்கள். பழைய மீட்டருக்கு அது தெரியாது. இப்போதைய மீட்டர் ஃபேஸிலும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலிலும் போகும் கரண்ட்டை ஒப்பிட்டு, இரண்டும் சமமாக இல்லாவிட்டால் எர்த் விளக்கைப் போடும்; எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். மேல் வீட்டு கரண்ட்டில் ஒரு பங்கு உங்கள் நியூட்ரல் வழியே திரும்பினால், ஒரே கரண்ட்டுக்கு இரண்டு வீட்டிலும் பில் விழும்.

உங்கள் டபுள் போல் மெயினை (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது) இறக்கிவிட்டு மாடி மீட்டரைப் பாருங்கள். அதிலும் எர்த் விளக்கு எரிந்து, மெயின் இறங்கியதும் அணைந்தால் நியூட்ரல் கலப்பு உறுதி. எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரிக்க வேண்டும். நியூட்ரல் பிரித்த பிறகும் விளக்கு எரிந்தால் நிஜமான கசிவு. எம்சிபிக்களை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனி சுவிட்ச்) ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் எந்த லைன் என்று சிக்கும். கீசரும் மோட்டாரும்தான் முதல் சந்தேகம். இந்தத் தொல்லைக்காக 30 மில்லியாம்ப் ஆர்சிசிபியை, அதாவது கசிவு வந்ததும் கரண்ட்டை நிறுத்தி உயிர் காக்கும் சுவிட்சை, கழற்றிவிடும் எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடாதீர்கள்.

மீட்டர் மாத்தின பிறகு போர்ல தண்ணி பாதிதான் வருது. (கொண்டலாம்பட்டி)

மூன்று ஃபேஸ் வயர்களின் வரிசை மாறியிருக்கும், மோட்டார் பின்னோக்கிச் சுற்றுகிறது. ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயர்களில் இரண்டை இடம் மாற்றினால் சரி. ஆனால் பல்பு கண் கூசும்படி எரிந்தாலோ ஃபேன் வெறிபிடித்துச் சுற்றினாலோ அது வேறு விஷயம்: நியூட்ரல் சரியாக முறுக்கப்படவில்லை. யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் போடுங்கள். நேரம் போனால் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் புகையும்.

இடி விழுந்து மீட்டர் திரை செத்துப்போச்சு, கரண்ட் மட்டும் வருது. பில் எப்படிப் போடுவாங்க? (ஏற்காடு)

முந்தைய நான்கு மாதச் சராசரி. அந்த மாதங்களில் வீடு வேறு விதமாகப் பயன்பட்டிருந்தால், முந்தைய 12 மாதத்தில் அதே மாதிரிப் பயன்பாடு இருந்த தொடர்ச்சியான வேறு நான்கு மாதத்தை எடுக்க விதி இடம் தருகிறது. சீசனில் விருந்தினர் தங்கி, மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் இதை எழுத்து மூலமாகவே கேளுங்கள். திரை போன தேதியையும் குறிப்பிடுங்கள்.

புது மீட்டர் வைக்கும்போதே பெட்டிக்குள் வயர் கீழ்ப்பக்கமாக நுழையும்படி கேளுங்கள். மேலிருந்து வந்தால் மலைத் தூறல் வயர் வழியே வழிந்து டெர்மினலில் நிற்கும். ஓட்டையை அடைக்காவிட்டால் எறும்பு குடியேறும். மெயினுக்கு அடுத்து, இடியால் திடீரென எகிறும் வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் தடுப்பான் பொருத்தலாம், எர்த் நன்றாக இருந்தால் மட்டுமே அதற்குப் பலன்.

மாத்தறதுக்குப் பணம் கேட்டா? (ஆத்தூர்)

தானாகப் பழுதானதற்கு நீங்கள் கட்ட வேண்டியதில்லை. உங்கள் ஓவர்லோடால் எரிந்தது என்றால் விலை கட்ட வேண்டி வரலாம். அதுவும் ரசீதோடு அலுவலகத்தில்தான், வாசலில் கையில் அல்ல.

டெர்மினல் சூடாகுது. எங்க வயர்மேனை விட்டு ஸ்க்ரூவை முறுக்கிக்கலாமா? (சேவாப்பேட்டை)

கூடாது. சீல் உடைந்தால் மின் திருட்டு வழக்கு வரை போகும். சூடு பெரும்பாலும் அலுமினிய சர்வீஸ் வயரின் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மாட்டியதால் வருவது. லைன்மேனை அழைத்து, முனையைச் சுத்தம் செய்து இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கி மறுபடி சீல் வைக்கச் சொல்லுங்கள். மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயர் உங்களுடையது. அது கருகியிருந்தால், 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் வாங்கித் தயாராக வைத்திருந்தால் அதே கையோடு மாற்றிவிடலாம்.