வாசகர் கேள்வி – பதில்: எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் ஒரு தமிழ் எழுத்து

கேள்வி: க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்காக என் மகன் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழ்மொழி மூலம் கற்கிறான். பாஸ்கல் என்னும் கணினி மொழியில் செய்நிரல் எழுதப் பழக்குகிறார்கள். அவனோ வரிகளை மனனம் செய்கிறான். நீங்கள் கற்ற காலத்தில் இதில் இன்பம் கண்டீர்களா? ஆங்கிலம் தடையாக இருக்கவில்லையா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கண்டேன்; இன்றும் காண்கிறேன்.

எண்பதுகளின் இறுதியில், இலண்டனிலிருந்த மாமா எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு ஒரு சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் கணினியை அனுப்பியிருந்தார். 1982 இல் பிரித்தானியாவில் வெளியான அந்தக் கறுப்புப் பெட்டிக்குத் தொலைக்காட்சியே திரை, ஒலிநாடாவே களஞ்சியம். நினைவகம் 48 கிலோபைட்டுதான். வரியின் தொடக்கத்தில் 'பி' விசையை அழுத்தினால், பேசிக் மொழியின் 'பிரின்ட்' என்னும் கட்டளை முழுச் சொல்லாகவே திரையில் வந்துவிடும். தமிழில் படித்து, ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு அஞ்சிய எனக்கு அது பெருந்துணையாயிற்று. உங்கள் மகனுக்கும் ஆங்கிலம் பெரிய தடையாகாது. கணினி அறிஞர் நிக்லவுஸ் விர்த் கற்பித்தலை மனத்தில் கொண்டு ஆக்கி 1970 இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியின் நியம வடிவத்தில், கட்டளைகளுக்கென ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் 35 மட்டுமே.

என்னை உண்மையிலேயே ஆட்கொண்டது வேறொன்று. அந்தக் கணினியில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் நாமே வடிவமைத்துக்கொள்ள 21 வெற்றிடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். நிறைந்த புள்ளியை 1 என்றும் வெற்றுப் புள்ளியை 0 என்றும் கொண்டால், கட்டத்தின் ஒரு வரிசை எட்டு இலக்கங்கள் கொண்ட ஒரு பைட்டு: நடுவிலுள்ள நான்கு புள்ளிகள் மட்டும் நிறைந்திருந்தால் துவித எண்ணில் 00111100, தசமத்தில் 60. பாடசாலையில் உயிரற்றுக் கிடந்த துவித எண்கள் அன்றுதான் எனக்குப் புரிந்தன. சதுரக்கோட்டுக் கொப்பியில் பென்சிலால் 'ட'வையும் 'ப'வையும் எளிதாக அடைத்துவிட்டேன். 'ண' மட்டும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடங்க மறுத்தது, அதற்கு இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து வைக்கவேண்டியிருந்தது. 21 எழுத்துகளும் சேர்ந்து 168 பைட்டுகள்தாம். அவற்றைக் கொண்டு அம்மாவின் பெயரைத் தொலைக்காட்சியில் எழுதிக் காட்டியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பின்னாளில் நான் எழுதிய எந்தப் பெரிய மென்பொருளும் விஞ்சவில்லை.

மனனம் செய்யும் பிள்ளைக்குத் தான் காண விரும்பும் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆகவே, பாடநூற் பயிற்சிகளுக்கு இடையே இதை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்: தன் பெயரின் முதலெழுத்தைக் கட்டத்தில் வரைந்து, எட்டு வரிசைகளையும் எட்டு எண்களாக்கி, ஓர் அணியில் (எண்களை வரிசையாக வைக்கும் பட்டியலில்) இட்டு, ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் மீண்டும் மீண்டும் வகுத்து, மீதி ஒன்றானால் நட்சத்திரக் குறியையும் பூச்சியமானால் வெற்றிடத்தையும் உடனுக்குடன் அச்சிடும் ஒரு செய்நிரலை அவன் எழுதட்டும். அணி, மீளச் செய்தல், நிபந்தனை என்று பரீட்சைக்கு வேண்டிய மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிடும். முதல்முறை இயக்கும்போது எழுத்து பெரும்பாலும் இடம்வலம் மாறியே தோன்றும். அதன் காரணத்தை நீங்களோ ஆசிரியரோ சொல்லிவிட வேண்டாம். அதை அவனே கண்டுபிடிக்கட்டும்.