பதினஞ்சு வருஷம் கழிச்சு நிஷிகசாய்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் பெங்களூரு அல்சூர்ல இருக்கேன். கல்யாணம் ஆன புதுசுல வீட்டுக்காரர் வேலைக்காக டோக்கியோ நிஷிகசாய்ல குடியிருந்தோம், பையன் பொறந்ததே அங்கதான். கீழ் வீட்ல ஒரு வயசான அம்மா, ஒபாச்சான்னு, அதாவது பாட்டின்னு, கூப்பிடுவோம், எந்த கிழமை எந்த குப்பைய வெளிய வைக்கணும்ங்கறதுல இருந்து குழந்தைக்கு காய்ச்சல்னா எந்த கிளினிக் போகணும்ங்கற வரைக்கும் அவங்கதான் சொல்லிக் குடுப்பாங்க. 2011 மார்ச் 11 பூகம்பம் வந்தப்போ அவங்கதான் மேல ஓடி வந்து குழந்தைய தூக்கிட்டு எங்களை கீழ இறக்குனாங்க. அப்புறம் ஃபுகுஷிமா அணு உலை பயத்துல அந்த வாரமே ஃப்ளைட் புடிச்சு ஊருக்கு வந்துட்டோம், அவங்ககிட்ட சொல்லிக்க கூட இல்ல, அது இன்னும் மனசுல குத்திட்டே இருக்கு. பையன் இப்போ பி.யு.சி. படிக்கிறான், ஏப்ரல் மே லீவுல மூணு பேரும் போகலாம்னு இருக்கோம். இவர் பத்து நாள்ல டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா, சப்போரோ எல்லாம் பார்த்துடணும்ங்கறார், எனக்கு அந்த அம்மாவ பார்த்தா போதும். விலாசம் இருக்கு, போன் நம்பர் இல்ல. எப்படி பிளான் பண்றது?

பதில்: டிக்கெட் அப்புறம் போடலாம்மா, முதல்ல அந்த அம்மாவுக்கு ஒரு லெட்டர் போடுங்க. இன்னைக்கே உக்காந்து எழுதுங்க. ஜப்பான்ல சொல்லாம கொள்ளாம ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிக்கிற பழக்கம் கிடையாது, அதுவும் வயசானவங்க, திடுதிப்புனு போனா வீடு ஒதுக்கி வைக்கலயே, குடுக்க ஒண்ணும் இல்லயேன்னு அவங்கதான் தவிச்சு போவாங்க. நம்ம பெங்களூருல ஜப்பானிய மொழி படிக்கிற பசங்க நிறைய இருக்காங்க, யாரையாவது புடிச்சு சின்னதா, எளிமையா எழுத சொல்லுங்க, கூடவே பையனோட அப்போ எடுத்த போட்டோ ஒண்ணு, இப்போ எடுத்த போட்டோ ஒண்ணு வைங்க. என்ன மாசம் வர்றதா இருக்கோம், உங்களுக்கு தோதுப்பட்டா பார்க்க ஆசைன்னு போட்டு உங்க விலாசம், ஈமெயில் ரெண்டும் எழுதுங்க. சொல்லாம கிளம்பினதுக்கு வருத்தத்த ரெண்டு வரில சொன்னா போதும், பக்கம் பக்கமா வேணாம். பிரான்ஸ் மாதிரி நாடே தன் மக்களை டோக்கியோவ விட்டு கிளம்புங்கன்னு சொன்ன நேரம் அது, கைக்குழந்தையோட நீங்க கிளம்பினத அந்த அம்மா தப்பா எடுத்திருப்பாங்கன்னு எனக்கு தோணல.

ஒரு விஷயத்துக்கு மனச தயார் பண்ணிக்கோங்க. பதினஞ்சு வருஷம் ஆச்சு. அவங்க பிள்ளைங்க வீட்டுக்கு போயிருக்கலாம், முதியோர் இல்லத்துல இருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். வீடு மாறினவங்களுக்கு அங்க போஸ்ட் ஆபீஸ்ல எழுதி குடுத்தா ஒரு வருஷம் வரைக்கும்தான் புது விலாசத்துக்கு லெட்டர திருப்பி விடுவாங்க, அதனால உங்க லெட்டர் திரும்பி வந்தாலும் வரும். அப்படி வந்தா அவங்க பேரையும் விலாசத்தையும் எந்த குரூப்லயும் போட்டு தேடாதீங்க, வார்டு ஆபீஸ்ல கேட்டாலும் வெளி ஆளுங்களுக்கு சொல்ல மாட்டாங்க. நேர்ல போறப்போ அந்த பில்டிங்க பார்த்துக்கிறவங்க, பக்கத்து கடைக்காரங்க இவங்ககிட்ட பதமா விசாரிங்க, ஒரு லெட்டர் குடுத்து முடிஞ்சா சேர்த்துடுங்கன்னு கேட்டா செய்வாங்க. அவங்க காலமாகி பிள்ளைங்க வீட்டுக்கு கூப்பிட்டாங்கன்னா, பூஜை மாடம் மாதிரி வீட்ல ஒண்ணு வச்சிருப்பாங்க, அது முன்னாடி ஊதுபத்தி ஏத்தி கும்பிடலாமான்னு கேளுங்க, அவங்க ஊர்ல அதுதான் மரியாதை, நமக்கும் அது புதுசு இல்லயே.

கொண்டு போறதுக்கு மைசூர் சாண்டல் சோப்பு, ஒரு சன்னபட்டணா மர பொம்மை, இந்த அளவு போதும். பட்டு, வெள்ளின்னு பெருசா குடுத்தா அதுக்கு ஈடா திருப்பி செய்யணுமேங்கற பாரம் அவங்களுக்கு வந்துடும், அங்க அது ரொம்ப முக்கியமா பார்ப்பாங்க. தெரிஞ்ச தமிழ்க்காரங்க கறிவேப்பிலை, மாம்பழம் கேட்டா முடியாதுன்னு சொல்லிடுங்க, செடி கொடி, பழத்துக்கு எல்லாம் தாவர சோதனை சான்றிதழ் இல்லாம உள்ள விட மாட்டாங்க, இறைச்சி ஐட்டமும் கூடாது. மாத்திரை ஒரு மாசத்துக்குள்ள அளவா இருந்தா சாதாரணமா பிரச்சனை இல்ல, ஆனா மூக்கடைப்புக்கு போடற சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல கலந்த மாத்திரை அங்க தடை, பெட்டிய கட்டறப்போ மாத்திரை அட்டைய திருப்பி படிச்சு பாருங்க.

இப்போ உங்க வீட்டுக்காரர் பிளான். பத்து நாள்ல அஞ்சு ஊர்னா பாதி நேரம் பெட்டி தூக்கறதுலயே போயிடும், சப்போரோவையும் ஹிரோஷிமாவையும் இந்த தடவை விட்டுட சொல்லுங்க. முதல் அஞ்சு நாள் நிஷிகசாய் பக்கமே ரூம் போடுங்க, காலைல பழைய வீட்டு தெருவுல நடந்து போய் அதே சூப்பர் மார்க்கெட்ல பால் வாங்கி, கசாய் ரின்காய் பார்க்ல உக்காந்து வந்தா உங்களுக்கு அந்த ஊர் திரும்ப கிடைக்கும். நீங்க கிளம்பறப்போ கட்டிட்டு இருந்த ஸ்கைட்ரீ டவர 2012 மே மாசம் திறந்தாங்க, 634 மீட்டர், பையனோட மேல ஏறி பாருங்க. அப்புறம் கியோட்டோ, ஒசாகா. அதுக்காக ஜே.ஆர். ரயில் பாஸ் வாங்க வேணாம், உங்க காலத்து விலை இல்ல, 2023 அக்டோபர்ல 7 நாள் பாஸ் 29,650 யென்ல இருந்து 50,000 யென் ஆயிடுச்சு, டோக்கியோ கியோட்டோ ஷிங்கான்சென் புல்லட் ரயில் ஒரு வழிக்கு 14,000 யென் பக்கம்தான், போக வர தனியா எடுத்தாலே மிச்சம். கடைல வரி அப்போ 5 சதவீதம், இப்போ 10, பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க. ரயில், பஸ்ல தட்டற பழைய சுய்கா கார்டு இருந்தா, 10 வருஷம் தொடாம இருந்தது செல்லாது, புதுசு வாங்கிக்கலாம். உங்க பழைய வெளிநாட்டவர் பதிவு கார்டு முறையையே 2012 ஜூலைல எடுத்துட்டாங்க, பையன் அங்க பொறந்தாலும் அப்பா அம்மா வெளிநாட்டுக்காரங்கன்னா குடியுரிமை வராது, அதனால மூணு பேருக்கும் டூரிஸ்ட் விசாதான்.

தேதி விஷயத்துல மட்டும் அடம் புடிங்க. ஏப்ரல் கடைசில இருந்து மே 5 வரைக்கும் கோல்டன் வீக்னு தொடர் லீவு, ஊரே பயணம் போகும், ரூம் வாடகை எகிறிடும், அந்த அம்மா வீட்டுக்கும் பிள்ளைங்க வந்திருப்பாங்க. ஏப்ரல் முதல் வாரம் போனா டோக்கியோல செர்ரி பூ கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், முடியலன்னா மே 7க்கு மேல போங்க, ஜூன்ல மழை ஆரம்பிச்சுடும். பெங்களூருல இருந்து டோக்கியோவோட நரிதா ஏர்போர்ட்டுக்கு நேர் ஃப்ளைட் இருக்கு.

அப்புறம், பையன் பொறந்தப்போ குடுத்த தாய் சேய் கையேடு, போஷி டெச்சோ, அத கண்டிப்பா எடுத்துட்டு போங்க. அவனுக்கு அந்த ஊர் ஞாபகமே இருக்காது, பொறந்த எடை, போட்ட ஊசி, டாக்டர் எழுதினதுன்னு எல்லாம் அதுல இருக்கு, அந்த கிளினிக் வாசல்ல நின்னு நீங்களே அவனுக்கு படிச்சு காட்டுங்க.

கேள்வி: நான் வைட்ஃபீல்டு. 2012ல இருந்து 2016 ஆரம்பம் வரைக்கும் யோகோஹாமால வேலை பார்த்தேன், சம்பளத்துல நென்கின், அதாவது அந்த ஊர் பென்ஷனுக்கு பணம் புடிச்சாங்க, வர்றப்போ பணத்த திருப்பி கேக்கல. இப்போ ஜப்பான் போறப்போ கேட்டா குடுப்பாங்களா?

பதில்: மொத்தமா திருப்பி வாங்கற பணத்துக்கு நாட்ட விட்டு வந்த 2 வருஷத்துக்குள்ள மனு போட்டிருக்கணும் தம்பி, அது போயிடுச்சு. ஆனா கட்டின காலம் வீணா போகல. இந்தியா ஜப்பான் சமூக பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1ல இருந்து அமல்ல இருக்கு, 2017 ஆகஸ்ட்ல இருந்து அங்க பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் இருந்தா போதும், இங்க பி.எஃப். கட்டின காலத்தையும் அதோட கூட்டிக்கலாம், வயசு வர்றப்போ அந்த நாலு வருஷத்துக்கு உண்டான அளவு மாச பென்ஷன் வரும். நென்கின் புத்தகத்துல இருக்கிற நம்பர பத்திரமா வைங்க, புத்தகம் தொலைஞ்சிருந்தா யோகோஹாமா போறப்போ அங்க இருக்கிற பென்ஷன் ஆபீஸ்லயே பாஸ்போர்ட்ட காட்டி விசாரிங்க, பழைய சம்பள ஸ்லிப், அப்போ இருந்த வீட்டு விலாசம் ரெண்டும் கையில இருக்கட்டும்.